எதிர்க்காற்றில் ஹோமர் அனுப்பலாமா? கூடையை மூடும் முன் பார்க்க வேண்டியவை

ஹோமர் என்பது, கூடையில் வைத்துத் தூர ஊருக்குக் கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டுக்கே பறந்து திரும்பும் பந்தயப் புறா. பிப்ரவரி கடைசி வாரம் வந்துவிட்டால் அதை வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அண்ணே, நாளைக்கு ஓங்கோல் ரேஸ். காத்து எதிரா காட்டுது. அனுப்பலாமா, வேணாமா?" கேட்பவர் பெரும்பாலும் முதல் சீசன் ஆள், இல்லை இரண்டாவது சீசன். ஜனவரியில் நெல்லூரிலிருந்து தன் புறாக்கள் வந்த வேகத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். இப்போது அதே புறா, அதே பாதை. காற்று மட்டும் மாறிவிட்டது.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு இதுவரை முடிந்ததில்லை. பாதிப் பதில் காற்றில் இருக்கிறது, மீதி உங்கள் கூண்டில் இருக்கிறது. காற்றை நான் இங்கிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம். கூண்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதனால் நான் எந்த வரிசையில் பார்த்து முடிவெடுக்கிறேனோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சென்னையில் வளர்த்து, வடக்கே ஆந்திராப் பக்கமிருந்து பறக்கவிடுகிறவர்களை மனதில் வைத்தது இது. வேறு ஊர்க்காரர்கள் திசையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி வேகத்தை நம்பாதீர்கள்

காற்றே இல்லாத நாளில் நல்ல ஹோமர் மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் பறக்கும். நம் கணக்கில் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,150 மீட்டர் வரை. ஜனவரியில் நமக்கு வாடை. வடகிழக்குப் பருவக்காற்றின் மிச்சம் முதுகைத் தள்ளும். மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வாடை கிடைத்தால் அதே பறவை நிமிடத்துக்கு 1,400, 1,500 மீட்டர் என்று, வந்து சேரும் நேரத்தைக் குறிக்கும் கிளாக்கில் பதிவாகும். புதிதாக வந்தவர் இதைப் பறவையின் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். திறமையும் உண்டுதான், ஆனால் அதில் 400 மீட்டர் காற்று போட்ட பிச்சை.

மார்ச்சில் காற்று தெற்கு, தென்கிழக்குப் பக்கம் திரும்பும். ஏப்ரலில் அது நிலைத்துவிடும். வடக்கிலிருந்து தெற்கே வரும் நம் பறவைக்கு அது முகத்தில் அடிக்கும் காற்று. ஜனவரியில் தள்ளிவிட்ட 25 கிலோமீட்டர் இப்போது பிடித்து இழுக்கிறது. நிமிடத்துக்கு 1,500 போன இடத்தில் 650, 700. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்த நெல்லூர், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகிறது. அந்த உழைப்பை உங்கள் பறவை இதுவரை செய்ததே இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கோடு

வரைபடத்தில் விடும் இடத்திலிருந்து உங்கள் மாடிக்கு ஒரு நேர்க்கோடு போடுங்கள். போனிலேயே போடலாம். கூடூர், நெல்லூர், காவலி, ஓங்கோல் எல்லாமே சென்னைக்கு ஏறக்குறைய நேர் வடக்கில் இருக்கின்றன. கடற்கரையும் அதே போக்கில் ஓடுகிறது. நேர்க்கோட்டுத் தூரம் கூடூர் சுமார் 125 கிலோமீட்டர், நெல்லூர் 155, ஓங்கோல் 270, விஜயவாடா 380. கோட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும். மேற்கே வெலிகொண்டா மலைத்தொடர். காற்று பக்கவாட்டில் அடித்தால் பறவை இந்த இரண்டில் ஒன்றை நோக்கித்தான் ஒதுங்கும்.

அப்புறம், காற்றின் பெயர். இதில் தப்பு செய்பவர்கள் நிறையப் பேர். வானிலைச் செய்தியில் 'தென்கிழக்குக் காற்று' என்றால் தென்கிழக்கிலிருந்து வருகிற காற்று. 180 டிகிரி என்று எண் போட்டிருந்தால் தெற்கிலிருந்து வருகிறது என்று பொருள், தெற்கே போகிறது என்று இல்லை. நம் பழைய பெயர்களும் அப்படித்தான். வாடை வடக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி தன் முதல் சீசனில் 180 என்பதைப் பார்த்துவிட்டு "சூப்பர், பின்காத்து" என்று பதினான்கு பறவைகளையும் கூடையில் போட்டான். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று இடம், மூன்று நேரம்

சென்னைக்கு மட்டும் காற்று பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. பறவை ஓங்கோலில் காலை ஆறரைக்குக் கிளம்புகிறது என்றால், ஆறரை மணிக்கு ஓங்கோலில் என்ன காற்று, ஒன்பது, ஒன்பதரைக்கு நெல்லூரில் என்ன, பன்னிரண்டு மணி வாக்கில் நம் மாடியில் என்ன என்று மூன்றையும் பார்க்க வேண்டும். விண்டி மாதிரி ஆப்பில் நேரத்தை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாகக் கணக்குப் போடலாம். ஒத்துப்போகாவிட்டால் மோசமானதை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அலகையும் கவனியுங்கள். நாட் என்று காட்டினால் 1.85 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று காட்டினால் 3.6 ஆல் பெருக்குங்கள். '12 தானே' என்று நாட் கணக்கைக் கிலோமீட்டராக நினைத்து அனுப்பினால் அது உண்மையில் 22.

தரைக் காற்றோடு 100 மீட்டர் உயரக் காற்றையும் பாருங்கள். மேலே போகப் போக வேகம் கூடும். இது பறவைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பின்காற்றில் உயரமாகவும், எதிர்க்காற்றில் மரத்தையும் வயலையும் ஒட்டித் தாழ்வாகவும் பறக்கும். தாழ்வாகப் பறப்பதால் காற்றின் அடி குறையும், ஆனால் மின்கம்பி வழியில் நிற்கும். தீனிப்பையும் நெஞ்சும் கிழிந்து என் மாடிக்கு வந்த பறவைகள் பெரும்பாலும் எதிர்க்காற்று நாளில் வந்தவைதான். நாயுடுபேட்டைப் பக்கத்து வயல்வெளியில் கம்பிகள் எப்படிக் குறுக்கே ஓடுகின்றன என்று ரயிலில் போகும்போது பாருங்கள், புரியும்.

கடல்காற்றுதான் இந்தக் கோட்டின் பெரிய ரகசியம். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு லேசான காற்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு "காத்தே இல்லையே" என்று சொல்லிவிடாதீர்கள். வெயில் ஏறி நிலம் சூடானதும், பகல் பதினொன்று பன்னிரண்டு வாக்கில் கடல்காற்று உள்ளே வரும். முதலில் கிழக்கிலிருந்து வந்து, போகப் போகத் தென்கிழக்குக்குத் திரும்பும். பறவை கடைசி 80, 100 கிலோமீட்டரில், அதாவது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில், இந்தக் காற்றுக்குள் நுழைகிறது. காலை ஏழு மணிக்குக் கிடைத்த நல்ல காற்றைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மாடியில் ஒரு மூங்கில் கழியை நட்டு உச்சியில் ரிப்பன் கட்டி வையுங்கள். ஆப் சொல்வதையும் ரிப்பன் காட்டுவதையும் தினமும் ஒப்பிட்டால் ஒரு மாதத்தில் கண் பழகிவிடும். இலையும் சின்னக் குச்சிகளும் விடாமல் ஆடி, லேசான கொடி விரிந்து நின்றால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். தெருவில் தூசியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28. சின்ன மரங்களே அசைந்தால் 29க்கு மேல். நான் இன்றைக்கும் போனை எடுக்கும் முன் எதிர்வீட்டு முருங்கையைத்தான் பார்க்கிறேன்.

காற்றை மணியாக மாற்றுங்கள்

காற்று எத்தனை கிலோமீட்டர் என்பது முடிவெடுக்க உதவாது. பறவை எத்தனை மணி நேரம் வானத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் உதவும். கணக்கு கடினமில்லை.

பறவையின் சொந்த வேகம் மணிக்கு 65 என்று வையுங்கள். காற்று நேர் எதிரே அடித்தால் அதை முழுதாகக் கழியுங்கள். மூலைவாட்டில், அதாவது தென்கிழக்கு அல்லது தென்மேற்கிலிருந்து வந்தால் பத்தில் ஏழு பங்கைக் கழியுங்கள். நேர்ப் பக்கவாட்டு என்றால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கழித்தால் போதும். அதன் ஆபத்து வேகத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு நேர்த் தெற்கிலிருந்து 20 கிலோமீட்டர் காற்று. 65ல் 20 போனால் 45. நெல்லூர் 155 கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். ஓங்கோலுக்கு ஆறு மணி நேரம். விஜயவாடாவுக்கு எட்டரை மணி நேரம். காற்றில்லா நாளில் இவை முறையே இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம், நான்கு மணி பத்து நிமிடம், ஐந்து மணி ஐம்பது நிமிடம்.

இது நேராகப் பறந்து வரும் பறவையின் கணக்கு. எதிர்க்காற்றில் யாரும் நேராக வருவதில்லை. கூட்டம் உடைகிறது, பறவை ஒதுங்குகிறது, தண்ணீருக்கு இறங்குகிறது. அதனால் கிடைத்த நேரத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு விட்டால், நெல்லூர்ப் பறவை பதினொன்றுக்கு, ஓங்கோல் பறவை இரண்டரைக்கு, விஜயவாடாப் பறவை ஐந்தே முக்காலுக்கு மேல். மார்ச் நடுவில் சென்னையில் சூரியன் மறைவது ஆறேகால் ஆறரைக்குள். ஹோமர் பெரும்பாலும் இருட்டில் பறக்காது, எங்கேயாவது உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் பூனை இருக்கும், ஆள் இருப்பான்.

என் விதி இது: கூட்டிய நேரம் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் முடிய வேண்டும். முடியாவிட்டால் கூடை வீட்டிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கில் நெல்லூர் தாராளம், ஓங்கோல் தேறும், விஜயவாடா கூடாது.

அப்புறம் வெயில். வந்து சேரும் நேரத்தில் 36 டிகிரிக்கு மேல் இருக்கும் என்றால், நான் காற்றின் வேகத்தோடு இன்னொரு 5 கிலோமீட்டரைக் கூட்டித்தான் முடிவெடுப்பேன். வாய் திறந்து மூச்சு வாங்கும் பறவை ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீரை இழக்கிறது. தீனி தீர்ந்து விழும் பறவையைவிடத் தண்ணீர் தீர்ந்து விழும் பறவை அதிகம்.

நான் கற்ற ஞாயிறு

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் ஞாயிறு. ஓங்கோல் ரேஸ். தென்கிழக்கிலிருந்து 24 கிலோமீட்டர் என்று முன்னறிவிப்பு. கட்டணம் கட்டியாகிவிட்டது, ஜனவரி பிப்ரவரியில் நல்ல பாயின்ட் எடுத்திருந்தேன், விட மனசில்லை. பத்து பறவைகள் அனுப்பினேன். அதில் ஐந்து, அதுவரை வாடையில் மட்டுமே பறந்த ஒரு வயதுப் பறவைகள்.

காகிதக் கணக்கில் பன்னிரண்டு மணி வாக்கில் வந்திருக்க வேண்டும். முதல் பறவை இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. நான்கு வருஷ புளூ பார் (இறக்கையில் பட்டை போட்ட நீலச் சாம்பல் நிறம்) ஆண், கூண்டுக்குள் நேராக இறங்கிவிட்டான். இரண்டாவது நாலரை தாண்டி ஒரு செக்கர் (இறக்கையில் கட்டம் கட்டமாகப் புள்ளி) பெட்டை. தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. இறக்கை இரண்டும் தொங்கி, வாய் திறந்து, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. ஏறிப் போய்க் கையில் எடுத்தேன். பறந்து போகக்கூட முயற்சி செய்யவில்லை. நெஞ்செலும்பு விரலில் கத்தி முனை மாதிரி பட்டது. வியாழக்கிழமை அதே நெஞ்சை நான் தடவிப் பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கமும் சதை உருண்டு நின்றது. நெஞ்சைத் தின்று பறந்து வந்திருக்கிறது.

திங்கள், செவ்வாயில் மூன்று வந்தன. மற்ற ஐந்தும் வரவில்லை. அந்த ஐந்தில் நான்கு ஒரு வயதுப் பறவைகள். நான் அன்றைக்குக் காற்றைச் சரியாகத்தான் பார்த்திருந்தேன். பறவையைத்தான் பார்க்கவில்லை. அதனால் இனி வருவதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பறக்கவிட்டு இறங்கி அரை மணி நேரம் ஆன பிறகு, ஒவ்வொரு பறவையாகக் கையில் எடுங்கள். கால்கள் உங்கள் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில், கட்டைவிரல் இறக்கைகளுக்கு மேல். மார்பு உங்கள் பக்கம் இருக்கட்டும்.

இன்னொரு கையின் விரல் நுனியை நெஞ்செலும்பில் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். எலும்பு தெரிய வேண்டும், ஆனால் தனியாகத் துருத்தக் கூடாது. இரண்டு பக்கச் சதையும் காற்றடைத்த பந்து மாதிரி திரண்டிருக்க வேண்டும். இறகை ஊதி விலக்கினால் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். நீலம் பாய்ந்திருந்தாலோ செதில் உதிர்ந்தாலோ இந்த வாரம் வேண்டாம். பறவை கைக்குப் பார்ப்பதைவிட எடை குறைவாகத் தோன்ற வேண்டும். இதை எழுத்தில் சொல்வது கஷ்டம். பத்து பறவைகளைத் தொடர்ந்து எடுத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் தக்கை மாதிரி மிதப்பது தெரியும். அதுதான்.

இறக்கையை விரியுங்கள். வெளிப்பக்கப் பத்து இறகுகளில் கடைசி மூன்றுதான் எதிர்க்காற்றில் வேலை செய்பவை. அதில் ஒன்று உதிர்ந்து பாதி வளர்ந்திருந்தால் பின்காற்றில்கூட யோசிப்பேன், எதிர்க்காற்றில் கிடையவே கிடையாது. வாயைத் திறந்து தொண்டையைப் பாருங்கள். கோழை நூல் மாதிரி இழுத்தால், மூக்குப்பூ (அலகின் மேல் இருக்கும் சதைப்பகுதி) வெள்ளையாக இல்லாமல் சாம்பல் படிந்திருந்தால், கூடைக்கு அனுப்பாதீர்கள். அரை மணி நேரம் கழித்தும் மூச்சு வாங்கினால் அதற்கும் அதே பதில்.

உடம்பு சரி. அடுத்தது, ரேஸ் விவரம் எழுதிவைக்கும் நோட்டு. இந்தப் பறவை இதற்கு முன் எதிர்க்காற்றில் பறந்திருக்கிறதா? என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. பதில் இல்லை என்றால், ஜனவரியில் அது முதல் பரிசே வாங்கியிருந்தாலும் 155 கிலோமீட்டருக்கு மேல் எதிர்க்காற்றில் அனுப்ப வேண்டாம்.

சரி, அந்த அனுபவத்தை எப்படிக் கொடுப்பது? டாஸ் விடும்போதுதான், அதாவது ரேஸுக்கு முன் பழக்குவதற்காகக் கொண்டுபோய் விடும்போது. காற்று நன்றாக இருக்கும் காலையை மட்டும் பார்த்து டாஸ் விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அதை மாற்றுங்கள். பிப்ரவரி பிற்பாதியில் தெற்குக் காற்று தலைகாட்டும் முதல் காலையில் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோங்கள், 40 கிலோமீட்டர்தான். அங்கிருந்து இரண்டு முறை. அடுத்து சூலூர்பேட்டை, 75 கிலோமீட்டர். கடைசி டாஸில் கூட்டமாக விடாமல் மூன்று நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக விடுங்கள். கூட்டத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பறவை எது, தானாக முடிவெடுத்து வரும் பறவை எது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். எதிர்க்காற்று ரேஸில் கூட்டம் உடையும்போது இரண்டாவது வகைதான் வீடு வரும்.

எத்தனை அனுப்புவது

'அனுப்பலாமா வேண்டாமா' என்பதையே நான் 'எத்தனை அனுப்பலாம்' என்று மாற்றிக்கொண்டுவிட்டேன். எட்டு பறவைகள் தயார் என்றால் எட்டும் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எதிர்க்காற்று 15 கிலோமீட்டருக்குள் இருந்தால், 155 கிலோமீட்டர் வரை உடம்பு தேறிய எல்லாப் பறவைகளையும் அனுப்புவேன், ஒரு வயதுப் பறவைகள் உட்பட. அது அவற்றுக்கு நல்ல பள்ளிக்கூடம். 15 முதல் 25 வரை என்றால், எதிர்க்காற்றில் ஏற்கெனவே வந்த பறவைகள் மட்டும், அதுவும் பாதி. 25க்கு மேல் நான் அனுப்புவதில்லை. அந்தக் காற்றிலும் ஜெயிக்கிற பறவைகள் உண்டு, பழைய ஆட்கள் அனுப்புவார்கள், அவர்கள் கூண்டில் அதற்கென்றே நான்கைந்து வருஷம் தேர்ந்தெடுத்து வைத்த ரத்தம் இருக்கும். உங்களிடம் அது வரும் வரை பொறுங்கள்.

பக்கக் காற்றைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கொண்டல் அடித்தால் பறவை மேற்கே ஒதுங்கி, சுற்றி வந்து சேரும். நேரம் போகும், பறவை மிஞ்சும். மலைப்பக்கம் ராஜாளி, பைரித் தொல்லை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மேற்கிலிருந்து பலமாக அடித்தால் கதையே வேறு. பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்ட பறவைக்கு உட்கார ஒரு கிளைகூடக் கிடையாது. விடியற்காலை லேசான கரைக்காற்றைச் சொல்லவில்லை. பத்து மணிக்கும் மேற்கிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் காட்டினால், தூரம் எவ்வளவாக இருந்தாலும் புதியவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

காற்று நாளில் முடிவைப் பார்த்து மனசொடியவும் வேண்டாம். கிழக்குக் காற்றில் ஆவடி, அம்பத்தூர் மாடிகளுக்கு லாபம். மேற்குக் காற்றில் ராயபுரம், காசிமேடு முந்தும். பறவை அதேதான்.

தீனி, தண்ணீர், கேட்க வேண்டிய கேள்வி

எதிர்க்காற்று என்று புதன்கிழமையே தெரிந்துவிடும். வியாழன் முதல் மக்காச்சோளத்தைக் கூட்டி, பயறு வகையைக் குறையுங்கள். நீண்ட நேரம் பறக்கும் புறா எரிப்பது கொழுப்பைத்தான். அதனால் வெள்ளி, சனியில் ஒரு பறவைக்கு ஐந்தாறு பச்சை நிலக்கடலை, உப்புப் போடாதது. ஒரு நாளைக்கு மொத்தத் தீனி 30 கிராம் சுமாருக்கு இருக்கட்டும், ஆசையில் அள்ளிக் கொட்டாதீர்கள். கூடைக்குப் போகும் வரை தண்ணீர் முன்னால் இருக்கட்டும்.

கூடை கொடுக்கும் இடத்தில் இரண்டு கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். வண்டியில் ராத்திரியும், விடுவதற்கு முன் விடியற்காலையிலும் தண்ணீர் வைப்பார்களா? காலையில் பனியோ மேகமோ இருந்தால் எத்தனை மணி வரை காத்திருந்து விடுவார்கள்? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வேண்டும். ஆறரைக்குப் பதில் ஒன்பதரைக்கு விட்டால் உங்கள் கணக்கு முழுவதும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும், பறவை பாதிப் பாதையைக் கடல்காற்றில் பறக்கும், அப்போது உங்களால் திரும்ப எடுக்க முடியாது. பார்சிலோனாவிலிருந்து ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பறக்கவிடும் பெரிய ரேஸிலேயே வழி முழுக்க வானிலை தேறும் வரை நாள் கணக்கில் தள்ளிவைப்பதுண்டு. நம் கிளப்பில் கேட்பதில் தப்பே இல்லை. பதில் சரியில்லை என்றால் கட்டிய காசு போகட்டும் என்று கூடையை வண்டியிலிருந்து இறக்குங்கள். நான் இரண்டு முறை இறக்கியிருக்கிறேன். நாலு பேர் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

வந்த பிறகு

எதிர்க்காற்றில் வந்த பறவைக்கு உடனே மக்காச்சோளத்தைப் போடாதீர்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், எலக்ட்ரோலைட் கலந்தது. அரை மணி கழித்துப் பார்லி, கம்பு மாதிரி சின்னத் தானியம் கொஞ்சம். பெரிய தானியம் மறுநாள். அன்றைக்கே நெஞ்சைத் தடவிப் பாருங்கள், ஏழாம் நாள் மறுபடி தடவுங்கள். சதை திரும்பாவிட்டால் அடுத்த ரேஸ் கிடையாது.

பொறியை (பறவை கூண்டுக்குள் நுழையும் வாசலை) அன்று இருட்டும் வரை திறந்து வையுங்கள், அடுத்த மூன்று நாளும் அப்படியே. தாமதமாக வந்ததைக் கழித்துக்கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பின்காற்றில் தாமதம் என்றால் அதில் ஏதாவது நியாயம் இருக்கலாம். எதிர்க்காற்றில் மூன்றாம் நாள் வந்த பறவை வழி மறக்கவில்லை, உயிரோடு இருக்கிறது, அந்தப் பாதையின் தண்ணீரும் நிழலும் எங்கே என்று இப்போது அதற்குத் தெரியும். அடுத்தவர் வளையம் போட்ட பறவை உங்கள் மாடியில் ஒதுங்கினாலும் தண்ணீர் கொடுத்து ஒரு நாள் தங்கவிடுங்கள். உங்கள் பறவையும் எங்கோ ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கலாம்.

நோட்டில் ஒவ்வொரு ரேஸுக்கும் ஐந்து விஷயங்கள் எழுதுவேன்: முன்னறிவிப்பு சொன்ன காற்று, மாடியில் ரிப்பன் காட்டிய காற்று, நான் போட்ட நேரம், உண்மையில் வந்த நேரம், வந்ததும் நெஞ்சு எப்படி இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்த அந்தச் செக்கர் பெட்டையின் பக்கத்தில் 'நெஞ்சு கத்தி' என்று எழுதியிருக்கிறேன். அதை அந்த சீசன் முழுக்க நான் விடவில்லை. அடுத்த வருஷம் கும்மிடிப்பூண்டியிலிருந்து எதிர்க்காற்றில் ஆறு டாஸ், சூலூர்பேட்டையிலிருந்து மூன்று. மார்ச்சில் ஓங்கோல், தெற்கிலிருந்து 18 கிலோமீட்டர், மூன்றே பறவைகள் அனுப்பினேன். ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு முதலில் இறங்கியது அதுதான். எடுத்து நெஞ்சைத் தடவினேன், சதை இருந்தது.